லிஃப்டில் ஒட்டிய தாள்: ஜப்பானில் குடியிருப்பவர்கள் மனம்விட்டுப் பேச ஓர் இழை

#1 கும்பகோணத்தான் (டோக்கியோ, எடோகவா)

கடந்த திங்கட்கிழமை காலை எங்கள் கட்டட லிஃப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் சித்திரம். கீழே ஐந்து வரிகள். படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். அதை நம்பாமல் அலுவலகத்தில் ஒரு ஜப்பானியரிடமும் காட்டினேன். சாரம் இதுதான்: அண்மைக் காலமாகக் காலை வேளையில் சில வீடுகளிலிருந்து எழும் வாழ்க்கைச் சத்தம் குறித்து நிர்வாகத்துக்குக் கருத்துகள் வந்திருக்கின்றன, அனைவரும் இதமாக வாழ உங்கள் புரிதலையும் ஒத்துழைப்பையும் வேண்டுகிறோம்.

வாழ்க்கைச் சத்தமாம். "செய்கத்சு-ஓன்" என்று அதற்குத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். நாற்காலி இழுபடுவது, கதவு சாத்துவது, குழந்தை ஓடுவது எல்லாம் அதில் சேர்த்தி. எங்கள் வீட்டில் காலை ஆறு பத்துக்குக் குக்கர் ஏறும். பருப்புக்கு நான்கு விசில். அடுத்து மிக்ஸியில் சட்னி. இந்த ஏழு மாடிக் கட்டடத்தில் நாங்கள் ஒரே இந்தியக் குடும்பம். அந்தத் தாள் யாருக்கு என்று தனியாக எழுத வேண்டுமா?

ஊரில் எங்கள் கீழ்வீட்டு மாமிக்குச் சத்தம் பிடிக்கவில்லையென்றால் கொல்லைப்புறத்திலிருந்தே குரல் கொடுத்துவிடுவார். நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்வோம். சாயங்காலம் அதே மாமி கிண்ணத்தில் பாயசம் அனுப்புவார். இங்கே நான்கு வருடங்களாக எதிர்ப்படும் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், என் மகனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவர்களில் யாரோ ஒருவர் நிர்வாகத்துக்கு ஃபோன் செய்திருக்கிறார். திட்டினால் வாங்கிக்கொண்டு போகலாம். திட்டியவர் யார் என்று தெரியாமல், எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டு லிஃப்டில் போய்வருவதுதான் தாங்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். ஆறுதலாவது கிடைக்கும்.

#2 நிஷிகசாய்_அக்கா (டோக்கியோ)

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். நான் வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்த மாதிரித் தாள்களை எண்ணிவைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும். பால்கனியில் சிகரெட் புகை, இரவு பத்துக்கு மேல் சலவை இயந்திரம், சைக்கிளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் அதே குனிந்த பெண்தான். ஜப்பானியர் மட்டுமே குடியிருக்கும் கட்டடத்திலும் இதே தாள்தான் ஒட்டுவார்கள். நம்மைக் குறிவைத்துச் செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு முதல் வருடம் கண்ணீர் வரவழைத்தது குப்பை. எரியும் குப்பை வாரம் இரண்டு நாள், மறுசுழற்சி ஒரு நாள், எரியாத குப்பை மாதத்துக்கு இரண்டே தடவை. காலை எட்டு மணிக்குள், காக்கை கிளறாதபடி வலைக்கு அடியில் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் தப்பு. எட்டு ஐந்துக்கு வைத்தாலும் தப்பு. தண்ணீர் பாட்டிலில் மூடி ஒரு பக்கம், மேலே சுற்றிய காகிதம் ஒரு பக்கம், கழுவிய பாட்டில் ஒரு பக்கம். ஒருநாள் நான் வைத்த பையை மட்டும் விட்டுவிட்டு வண்டி போய்விட்டது. பையின் மேல் ஒரு ஸ்டிக்கர். தெரு முழுக்கக் காலியாக இருக்கிறது, நடுவில் என் பை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே முருங்கைக்காய்ச் சக்கை தெரிந்ததால் யாருடையது என்று துப்பறியத் தேவையே இருக்கவில்லை.

இத்தனைக்கும் டோக்கியோ எளிது. தோகுஷிமா மாவட்டத்தில் கமிகட்சு என்று ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள்.

குக்கருக்கு யோசனை: பருப்பை இரவே ஊறவைத்து, காலையில் வெறும் பாத்திரத்தில் மூடி வேகவையுங்கள். இருபது நிமிடம் கூடுதலாகும். மிக்ஸிக்கு அடியில் நான்காக மடித்த துண்டு. சத்தம் பாதியாகக் குறையும்.

#3 ஒரே_பெயர் (யோகோஹாமா)

குப்பையாவது கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும். என் பெயரை நான் என்ன செய்வது?

அப்பா வைத்தது ஒரே பெயர். முன்னால் ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டு கட்டங்கள்: முதலில் குடும்பப் பெயர், அடுத்து சொந்தப் பெயர். ஒன்றை வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது. வங்கியில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டார்கள். செல்பேசிக் கடையில் இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போட்டார்கள். அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை என் பெயர் முத்துக்குமார் முத்துக்குமார். கடன் அட்டைக்கு விண்ணப்பித்தால் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிவிடும்.

அதற்கும் மேல் கதகானா. அந்நியச் சொற்களுக்கான எழுத்து முறை. ஒற்றெழுத்தை அழுத்திச் சொல்ல அதில் பொடியாக ஒரு "த்சு" போடுவார்கள். நம் "முத்து"வில் வருகிறதே ஒரு த், அதற்கு அந்தப் பொடி எழுத்து வேண்டும். வங்கியில் அதைப் போட்டிருந்தார்கள். என் அலுவலகச் சம்பளப் பிரிவில் போடவில்லை. முதல் மாதச் சம்பளம் திரும்பிப் போய்விட்டது! கணக்கு எண் சரி, கிளை எண் சரி, ஒரு பொடி எழுத்து இல்லை. சம்பளப் பிரிவுப் பெண் என் முன்னால் வந்து ஐந்து முறை மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த மாத வாடகைக்கு மன்னிப்பைக் கட்ட முடியாதே. நண்பனிடம் கடன் வாங்கினேன்.

ஹான்கோ எனப்படும் முத்திரைக் கட்டை செய்யப் போனபோது கடைக்கார முதியவர் என் பெயரைக் கதகானாவில் எண்ணிப் பார்த்தார். அந்தக் கட்டையின் குறுக்களவு பன்னிரண்டு மில்லிமீட்டர். நெடுநேரம் யோசித்துவிட்டு, "முத்து போதுமா?" என்று கேட்டார். என்னைச் சுருக்கிக் கூப்பிட்ட முதல் ஜப்பானியர் அவர்தான். இப்போது அரசு அலுவலகங்களில் பெரும்பாலான படிவங்களுக்கு முத்திரை தேவையில்லை என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் கட்டை மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

#4 கும்பகோணத்தான்

முத்துக்குமார் முத்துக்குமார், சிரித்து முடியவில்லை, மன்னிக்கவும். அக்கா, ஊறவைத்துப் பார்த்தேன். சாம்பார் கொஞ்சம் திப்பித் திப்பியாக இருக்கிறது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஜப்பானியராக மாறிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். தாள் இன்னும் லிஃப்டில் இருக்கிறது.

#5 தோசைக்கல் (கவாசாகி)

சாம்பார் வைக்க முடிகிறதே, அதற்கே நன்றி சொல்லுங்கள். நான் சுத்த சைவம். வெளியே சாப்பிடுவது இங்கே துப்பறியும் வேலை. "மாமிசம் சாப்பிட மாட்டேன்" என்றால் மீன் வருகிறது. "மீனும் சாப்பிட மாட்டேன்" என்றால் சாலட்டில் ஹாம் வருகிறது. அதையும் எடுத்துவிடச் சொன்னால் ஒதுக்கிவிட்டு அதே தட்டைக் கொண்டுவருகிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி இருக்கிறது. சூறை மீனைப் புகையில் உலர்த்திச் சீவி எடுக்கும் சாறு. மிசோ சூப்பில், நூடுல்ஸ் குழம்பில், காய்கறி தெம்புரா தொட்டுக்கொள்ளும் திரவத்தில், வெறும் கீரையை வேகவைத்து வைத்தாலும் அதன் தலையில். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தில் கோழிச் சாறு இருக்கிறது. ரொட்டிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பன்றிக் கொழுப்பு.

அலுவலக விருந்தில் ஒரு மூத்தவர் எனக்காகவே தேடி ஒரு "காய்கறிக் கடை"க்கு அழைத்துப் போனார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. முதல் தட்டில் கத்தரிக்காய். அதன் மேல் சூட்டில் காகிதம் போல் நெளிந்து ஆடிக்கொண்டிருந்தது மீன் சீவல். அவரே பார்த்துவிட்டார். "இது வெறும் அலங்காரம்" என்றார் மெதுவாக. நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதை இங்கே எழுதப் போவதில்லை, அம்மா இந்த இழையைப் படிக்கிறார்.

#6 யாழ்_நகோயா (நகோயா)

தோசைக்கல், அது எங்களுக்குப் புதிதே இல்லை. மாசிக் கருவாடு! சம்பலில் இடிக்கிற அதே மீன், அதே வாசம். வந்த முதல் வாரம் கடையில் அந்தச் சீவலைக் கண்டதும் அம்மம்மாவின் குசினி ஞாபகம் வந்தது. இந்த நாட்டில் எனக்கு முதலில் பழக்கமான பொருள் அதுதான்.

#7 ஒசாகாக்காரன் (ஒசாகா)

சாப்பாடு, சத்தம் எல்லாம் இருக்கட்டும். வீடு தேடிய கதையை யாரும் சொல்லவில்லையே.

தரகு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பச்சைத் தேநீர் கொடுக்கிறார்கள். மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறோம். தரகர் நம் எதிரிலேயே வீட்டு உரிமையாளருக்கு ஃபோன் செய்கிறார். "வாடிக்கையாளர் வெளிநாட்டவர்தான், ஆனால்..." என்று தொடங்கும்போதே அவர் குரல் தாழ்கிறது. "ஆமாம், ஆமாம், புரிகிறது" என்று காற்றில் தலையை ஆட்டுகிறார். வைத்துவிட்டு நம்மைப் பார்த்து, "இது கொஞ்சம்..." என்று நிறுத்துகிறார். அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் "முடியாது" என்று பொருள். நான் இரண்டாம் நிலை மொழித் தேர்வு தேறியவன். மறுமுனைக் கிழவர் கேட்டதெல்லாம் எனக்கும் கேட்டது. என்னை நிராகரிக்கும் பேச்சை நானே, தேநீரைக் குடித்துக்கொண்டு, ஒன்பது தடவை கேட்டேன். பத்தாவது வீடு கிடைத்தது.

நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்தாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே யாரும் தன் ஜாதகத்தை நொந்துகொள்ள வேண்டாம்.

கிடைத்த வீட்டுக்கு ரெய்கின் என்று ஒரு மாத வாடகை. நன்றிப் பணம் என்று பொருள். எனக்கு வீடு கொடுத்ததற்காக நான் நன்றி சொல்லும் பணம், திரும்பி வராது. அதற்கு மேல் முன்பணம், தரகு, உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம், பூட்டு மாற்றும் செலவு.

புதிதாக வருபவர்கள் முதலில் யூ.ஆர். எனப்படும் அரசு சார்ந்த நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்புகளைப் பாருங்கள். நன்றிப் பணம், தரகு, உத்தரவாதம் அளிப்பவர், ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. வருமானச் சான்றும் இரண்டு மாத முன்பணமும் வேண்டும். கட்டடங்கள் பழையவை, ஆனால் யாரும் உங்கள் எதிரில் ஃபோனில் குரலைத் தாழ்த்த மாட்டார்கள்.

#8 ஒரே_பெயர்

காலி செய்யும்போதும் கவனம். எனக்கு முன்பணத்திலிருந்து "சுவர்க் காகிதம் முழுவதும் மாற்றம், மசாலா வாசனை" என்று ஒரு லட்சத்து எழுபதாயிரம் யென் கழித்துக் கணக்கு அனுப்பினார்கள். ஏழு வருடம் குடியிருந்த வீடு. நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் வழிகாட்டியில் சுவர்க் காகிதத்தின் ஆயுள் 6 வருடம் என்று இருக்கிறது. அதன் பிறகு மதிப்பு 1 யென். அந்தப் பக்கத்தை அச்சிட்டு அனுப்பினேன். கழித்ததில் முக்கால் பங்கு திரும்பி வந்தது. மன்னிப்புக் கடிதம் தனி.

#9 ஒசாகாக்காரன்

ஒரு திருத்தம். வழக்கமான தேய்மானம் வீட்டுக்காரர் பொறுப்பு, 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட உரிமையியல் சட்டத்திலேயே அப்படி எழுதிவிட்டார்கள். ஆனால் அடுப்படியில் துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கு வழக்கமான தேய்மானத்தில் சேராது. காகிதத்தின் மதிப்பு போனாலும் கழுவும் கூலியைக் கேட்கலாம். தாளிக்கிறவர்கள் அடுப்புக்குப் பின்னால் அலுமினியத் தகடு வைத்துக்கொள்ளுங்கள். நூறு யென் கடையில் கிடைக்கிறது.

#10 சும்மா_ஒருவன் (சாய்தாமா)

படிக்கப் படிக்க எரிச்சல் வருகிறது. ரயில் ஒழுங்காக வருகிறது. இரவு ஒரு மணிக்குப் பெண்கள் தனியாக நடந்து போகிறார்கள். போன மாதம் பணப்பையைத் தொலைத்தேன், நாற்பதாயிரம் யென்னோடு காவல் சாவடியில் அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தவர் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். இவ்வளவும் அனுபவித்துக்கொண்டு குப்பை, விசில் என்று புலம்புகிறீர்கள். பிடிக்கவில்லையென்றால் சென்னைக்குத்தான் தினமும் விமானம் இருக்கிறதே.

#11 நிஷிகசாய்_அக்கா

சும்மா தம்பி, பணப்பை கிடைத்ததில் மகிழ்ச்சி. எனக்கும் இரண்டு குடையும் ஒரு தங்கத் தோடும் கிடைத்திருக்கின்றன. ஒரு ஊரில் பதினாறு வருடம் வாழ்கிறவள் அந்த ஊரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்றால், நான் இன்னும் விருந்தாளி என்று பொருள். வரி கட்டுகிறேன், ஓய்வூதியத்துக்குக் கட்டுகிறேன், தெருச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் கட்டுகிறேன், என் முறை வரும்போது காக்கை வலையை மடித்து வைக்கிறேன். எனக்குக் குறை சொல்லும் உரிமை இருக்கிறது. உங்கள் மாமியார் வீட்டைப் பற்றி நீங்கள் பேசுவதில்லையா?

2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உலகமே வியந்தது, நானும் வியந்தேன். அதே நாட்டில்தான் ஒசாகாக்காரருக்கு ஒன்பது வீடு ஏன் கிடைக்கவில்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் ஜப்பான்.

#12 தமிழ்த்தேனீ (கோபே)

நண்பர்களே, ஜப்பானியரும் நாமும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்று ஜப்பானிய மொழியியல் பேராசிரியர் சுசுமு ஓனோ நிறுவிவிட்டார். நம் "பொங்கலோ பொங்கல்" அங்கே வடகிழக்கில் "ஹொங்கரா ஹொங்கரா" என்று ஒலிக்கிறது. அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை?

#13 யாழ்_நகோயா

ஓனோ ஐயாவுடன் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாசும் அவர் துணைவியார் மனோன்மணி அம்மையாரும் சேர்ந்து ஆய்வு செய்தார்கள். அந்த உழைப்பில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் "நிறுவிவிட்டார்" என்பது பெரிய சொல். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, ஜப்பானிலும்.

ஒன்று மட்டும் என் அனுபவம். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழகிய வழி. வகுப்பில் ஐரோப்பியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட வாக்கியங்களை நான் தமிழில் நினைத்து அப்படியே சொன்னேன். ஆசிரியை வியந்தார். ஆனால் வீட்டுக்காரரிடம் போய், "நாம் அண்ணன் தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். "கொஞ்சம்..." என்பார்.

#14 மழலைத்தாய் (சிபா)

இரவு பதினொன்றரைக்கு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இரண்டு வயது. குழந்தைகள் காப்பகத்துக்குத் தினமும் ஒரு குறிப்பேடு எழுதிக் கொடுக்க வேண்டும். காலை வெப்பநிலை, நேற்று இரவு என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், மலம் எப்படி இருந்தது. "இட்லி" என்று எழுதினால் அடுத்த நாள் சிவப்பு மையில், "இது எதனால் செய்தது என்று அறிய ஆவலாக இருக்கிறோம்" என்று பதில் வரும். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்து என்று காலை ஏழு மணிக்கு என் அரைகுறை ஜப்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருப்பேன்.

37.5. இந்த எண்ணை இங்கே குழந்தை வளர்ப்பவர்கள் சாகும்வரை மறக்க மாட்டார்கள். குழந்தையின் உடல் வெப்பம் அதைத் தொட்டால் காப்பகத்திலிருந்து ஃபோன் வரும், உடனே வந்து அழைத்துப் போக வேண்டும். 37.4 என்றால் சிரித்த முகம். ஒரு புள்ளி ஏறினால் என் வேலை நாள் முடிந்தது. முதல் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்குள் பதினொரு தடவை அழைத்தார்கள். அலுவலகத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவாயில்லை, குழந்தைதான் முக்கியம்" என்றார்கள். அடுத்த திட்டத்தில் என் பெயர் இல்லை. அதையும் யாரும் சொல்லவில்லை. கும்பகோணத்தான் அண்ணா சொல்வது எனக்கு அப்படியே புரிகிறது.

காது குத்தி ஒரு வருடம் ஆன குழந்தையின் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். வேறு குழந்தை விழுங்கிவிடும் என்ற பயம், அதில் தவறில்லை. துளை மூடிவிடும் என்று அழுதவள் நான். அரைஞாண் கயிற்றைப் பார்த்துவிட்டு மூன்று ஆசிரியைகள் கூடி, இது மருத்துவ விஷயமா என்று கேட்டார்கள். கண் திருஷ்டி என்பதை விளக்க என்னிடம் சொல் இல்லை. "பாட்டி" என்று மட்டும் சொன்னேன். மூவரும் ஒரே நேரத்தில் "ஆஆ" என்று தலையசைத்தார்கள். கயிறு இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

#15 தோசைக்கல்

"பாட்டி" என்ற விளக்கத்தை நானும் இனிமேல் உணவகத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

#16 நாலாம்_முறை (குன்மா)

டிரைவிங் லைசென்ஸ் யாராவது எடுத்தீர்களா? என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இந்தியாவில் பத்து வருடம் ஓட்டியவன், இங்கேயும் இடது பக்கம்தான், ஆனாலும் மாற்றிக்கொள்ளச் செய்முறைத் தேர்வு உண்டு. முதல் முறை, நிறுத்தக் கோட்டில் முழுமையாக நிற்கவில்லை. நின்றேன்! மூன்று விநாடி நிற்க வேண்டுமாம். இரண்டாம் முறை, திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை, ஓரத்தை ஒட்டித் திரும்பவில்லை. நாலாம் முறை கோயில் யானை போல் தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே ஓட்டினேன். தேறிவிட்டேன். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வையும் கடுமையாக்கிவிட்டார்கள். முன்பு 10 கேள்விக்கு 7 சரியானால் போதும். இப்போது 50 கேள்வி, 90 சதவீதம் வேண்டும்.

#17 யாழ்_நகோயா

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், உங்களில் பலரைப் போல் கணினித் துறை இல்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது பொலிஸ்காரர்கள் என் சைக்கிளை நிறுத்தி அட்டையைக் கேட்பார்கள். ஜாய்ரியூ அட்டை, அதாவது வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை, எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். கேட்கிற பொலிஸ்காரர் மிக மரியாதையாகக் கேட்பார். முடிந்ததும் "ஒத்துழைப்புக்கு நன்றி" என்பார். என் பக்கத்தில் அதே நேரம் சைக்கிளில் போகிற பத்துப் பேரில் என்னை மட்டும் ஏன் என்பதற்குப் பதில் கிடையாது. 2024 ஜனவரியில் மூன்று பேர், தோற்றத்தை வைத்து நிறுத்துகிறார்கள் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அதில் இந்த மண்ணின் குடியுரிமை பெற்றவரும் இருக்கிறார். குடியுரிமை முகத்தில் தெரியாதல்லவா.

2021 மார்ச்சில் எங்கள் நகோயாவில், குடிவரவுத் தடுப்பு மையத்தில், 33 வயது இலங்கைப் பெண் ஒருவர் இறந்தார். மாணவியாக வந்தவர். உடல்நிலை மோசமாகிக்கொண்டே போனது, கேட்ட சிகிச்சை கிடைக்கவில்லை. கடைசி நாட்களின் காணொளிப் பதிவை அவர் தங்கைமார் பார்க்கவே எவ்வளவோ போராட வேண்டியிருந்தது. நான் அவரை அறியேன். ஆனால் அந்தக் கட்டடத்துக்குத்தான் நானும் விசா புதுப்பிக்கப் போகிறேன். அந்த வரிசையில் நிற்கும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

விசில் கதைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். இதையும் இந்த இழையில் வைத்துவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான்.

#18 நிஷிகசாய்_அக்கா

வைத்தது நல்லதுதான் தம்பி. பத்திரமாக இருங்கள்.

#19 சும்மா_ஒருவன்

யாழ் அண்ணா, நான் ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன். என்னை ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. கோட்டு சூட்டோடு ரயிலில் போகிறவன், அதனாலாக இருக்கலாம். மேலே எழுதியதை அழிக்க முடியவில்லை, திருத்தும் நேரம் கடந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

#20 கும்பகோணத்தான்

எல்லோருக்கும் வணக்கம். தாள் விஷயத்தில் ஒரு முன்னேற்றம், அல்லது என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்று வாரம் குக்கரைத் தொடவில்லை. மிக்ஸிக்கு அடியில் துண்டு, அதற்கு அடியில் மகன் பழைய ஸ்வெட்டர். தாள் அப்படியே இருக்கிறது. பொறுக்க முடியாமல் கட்டடக் காவலரிடம் போனேன். எழுபது வயது இருக்கும், காலையில் இலை கூட்டுவார். "அந்தச் சத்தம் எங்கள் வீடுதானே? மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் பதறிவிட்டார். "இல்லை இல்லை, எனக்கு எதுவும் தெரியாது. நிர்வாக நிறுவனம் அனுப்பிய தாளை ஒட்டினேன், அவ்வளவுதான்" என்றார். நிறுவனத்துக்கு அலுவலகத் தோழரை விட்டு ஃபோன் செய்யச் சொன்னேன். எந்த வீட்டைப் பற்றி என்று சொல்ல முடியாதாம், தனிப்பட்ட தகவலாம்.

நேற்று சனிக்கிழமை. பதினொரு மணிக்கு மணி அடித்தது. அடுத்த வீட்டுக்காரர். நான்கு வருடத்தில் எங்கள் வாசலில் அவர் நிற்பது இதுவே முதல் தடவை. கையில் துணிப்பையில் சுற்றிய இனிப்புப் பெட்டி. தொண்ணூறு டிகிரிக்குக் குனிந்தார். "லிஃப்டில் தாள் வந்ததிலிருந்து வந்து பார்க்க வேண்டும் என்று இருந்தேன். என் மகள் பள்ளிக்குப் போகுமுன் காலையில் பியானோ பழகுகிறாள். உங்களுக்கு மிகுந்த தொந்தரவு கொடுத்துவிட்டோம். சொல்லாமல் பொறுத்துக்கொண்டீர்கள்" என்றார்.

பியானோவா? நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

நானும் குனிந்து, குக்கரைப் பற்றிச் சொன்னேன். விசில் எப்படி வரும் என்று வாயால் செய்தும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அது பக்கத்துத் தெருக் காலணித் தொழிற்கூடம் என்று நினைத்திருந்தோம்" என்றார். பிறகு சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

அவர் போன பிறகு யோசித்தேன். ஐந்தாம் மாடி இளைஞன் இப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறுகிறான். இரண்டாம் மாடியில் கதவிடுக்கில் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். கட்டடம் முழுக்க எல்லோரும் அந்தத் தாள் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபோன் செய்த ஆசாமி யார் என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது அவசரக் கேள்வி. பெட்டியில் பன்னிரண்டு இனிப்பு, நல்ல கடை. பதிலுக்கு என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது?

#21 நிஷிகசாய்_அக்கா

ஒரு வாரத்துக்குள். பெட்டி விலையில் பாதிக்குக் கொடுங்கள், அதற்கு மேல் போனால் அவர் மறுபடி பதிலுக்கு ஏதாவது கொண்டுவர வேண்டிவரும், அது முடியவே முடியாது. முந்திரி கேக் கொடுக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். பெண்ணுக்குப் பியானோ நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். இங்கே அப்படிச் சொன்னால் சத்தம் கேட்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

#22 மழலைத்தாய்

அண்ணா, வீட்டில் முறுக்கு சுடுவதாக இருந்தால் அதையும் கொஞ்சம் வையுங்களேன். காப்பகத்து ஆசிரியைகளுக்கு அவ்வளவு பிடித்தது.

#23 தோசைக்கல்

முறுக்கு மட்டும் வேண்டாம். கடிக்கிற சத்தத்துக்கு அடுத்த தாள் வந்துவிடும்.